முதல் படகுக்கு அறை எதற்கு?

போர்ட் பிளேயரில் (2024 செப்டம்பரிலிருந்து அரசுத் தாள்களில் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். இரண்டே பதில்தான் வரும். ஜங்லிகாட் மீன் ஜெட்டியில் சொன்னால், "அண்ணே, அதெல்லாம் பணக்காரன் சமாச்சாரம். ஒரு டோங்கி வாங்கி இன்ஜினப் போட்டுட்டுப் போங்க" என்பார்கள். டோங்கி என்பது இங்கத்து ஒடுங்கிய மீன்பிடிப் படகு. வெளிநாட்டுத் தம்பதிகள் படகிலேயே குடித்தனம் நடத்தும் வீடியோக்களை ராத்திரி முழுக்கப் பார்க்கும் தம்பிகளிடம் சொன்னால், "லங்காவியில 32 அடி யாட் கார் விலைக்குக் கெடைக்குதாம். இன்னும் ரெண்டு வருசம் காசு சேர்த்து அதையே வாங்கிடுங்க" என்பார்கள்.

முதல் யோசனை ஆளைக் கரையிலேயே உட்கார வைக்கும். இரண்டாவது கடனில் இறக்கிவிடும். ஒன்றுக்கொன்று எதிர்ப்பேச்சு போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பாய்மரப் படகு என்றால் உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு அறை வைத்த யாட் என்று இரு தரப்பும் முடிவுகட்டிவிட்டார்கள். ஒருவர் அதைப் பார்த்துப் பயப்படுகிறார், மற்றவர் ஏங்குகிறார். கையில் கொஞ்சம் காசு வைத்திருப்பவர் வாங்க வேண்டிய முதல் படகு 13 அடியிலிருந்து 18 அடிக்குள், அறையே இல்லாத, திறந்த, பழைய படகு என்பது என் கட்சி. இதை ஏழைக்கான சமாதானமாகச் சொல்லவில்லை. காசு நிறைய உள்ளவரும் இந்தத் தீவுகளில் இப்படித்தான் தொடங்க வேண்டும்.

பணக்காரன் சமாச்சாரம் என்ற பேச்சை முதலில் பார்ப்போம். அரசாங்கமே அப்படித்தான் நினைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசத்துக்கும் விளையாட்டுக்குமான படகுகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். இன்ஜின் இல்லாத, பள்ளிப் பையன் ஓட்டும் குட்டிப் படகும் கோடீஸ்வரரின் யாட்டும் அந்த ஒரே வரியில்தான் வருகின்றன. ஆனால் பழைய படகை வாங்குகிறவர் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிடலாம். வியாபாரம் செய்யாத தனி ஆள் தன் சொந்தப் படகை இன்னொருவருக்கு விற்றால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. வரிக்குப் பயந்து பின்வாங்குகிறவர்கள் புதுப்படகின் கணக்கைப் பழைய படகுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

வரியை விடுங்கள். பாய் எப்போதிருந்து பணக்காரன் பொருள் ஆயிற்று? தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனது காற்றின் கூலியில்தான். கட்டுமரக்காரர்கள் பழைய சாக்கைத் தைத்தும் பாய் விரித்தார்கள். 1930-இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தில் கட்டிய 89 அடி அன்னபூரணி வியாபாரக் கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைப் பழைய கப்பலாகவே விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அது அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938-இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. ராபின்சன் அதற்கு முன்பே 32 அடிப் படகில் உலகத்தைச் சுற்றியவர், மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்தவர். நம்மவர்கள் உழைத்துப் பிழைக்கக் கட்டியதை அவர் தேடி வந்து வாங்கினார். நாமோ பாயை அந்நியர் பொழுதுபோக்கு என்கிறோம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தெற்கே நிகோபாரில் பக்கக்கட்டை வைத்த ஹோடி ஓடங்களில் பாய் விரித்துத் தீவு விட்டுத் தீவு போயிருக்கிறார்கள். கார் நிகோபார்க்காரர்கள் பெரிய ஓடங்களைச் சௌரா தீவு வழியாக விலைக்கு வாங்குவது பழைய வழக்கம். மண்பானையும் அங்கிருந்துதான் வந்தது. 2004 டிசம்பர் 26 அலை எத்தனையோ ஓடங்களை அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு வந்த நிவாரணப் படகுகள் பெரும்பாலும் இன்ஜின் படகுகள். பாய் இங்கே மறைந்தது வறுமையாலும் அல்ல, செல்வத்தாலும் அல்ல. டீசலும் மானியமும் அதை ஓரங்கட்டின.

இனி லங்காவித் தம்பி. அவரோடுதான் எனக்கு நீண்ட வழக்கு. அவர் கையில் சான்றுகள் இருக்கின்றன. 1985 முதல் 1987 வரை இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையினர் திரிஷ்ணா என்ற 37 அடிப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தார்கள். அது இங்கிலாந்தில் வாங்கிய பழைய படகுதான். அபிலாஷ் டோமி 2023-இல் கோல்டன் குளோப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது ரஸ்ட்லர் 36 என்ற பழைய மாதிரிப் படகில். 1988-க்கு முன் வரைந்த, 32 அடிக்கும் 36 அடிக்கும் இடைப்பட்ட படகுகளுக்குத்தான் அந்தப் பந்தயத்தில் அனுமதி. பழசே உலகத்தைச் சுற்றும்போது நான் ஏன் 14 அடியில் முடங்க வேண்டும் என்கிறார் தம்பி.

திரிஷ்ணாவுக்குப் பின்னால் ஒரு படைப்பிரிவே நின்றது. பந்தயப் படகுகளைப் புறப்படும் முன் எலும்பு வரைக்கும் பிரித்து, கம்பி, மரம், பாய், மின்சாரம் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார்கள். பழைய படகில் மலிவாகக் கிடைப்பது உடல் ஒன்றுதான். மற்றதற்கெல்லாம் இன்றைய புதுவிலை. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். 30 வருடப் படகை விற்கிறவர் அந்தச் செலவுக்கு முன்னால்தான் விற்பார். பின்னால் விற்க அவருக்கென்ன பைத்தியமா?

விலையே பொய் சொல்லும். லங்காவி தீர்வை இல்லாத தீவு. அங்கே எழுதி ஒட்டியிருக்கும் தொகை அங்கேயே வைத்து ஓட்டுகிறவருக்கானது. இந்தியக் கொடியின் கீழ் கொண்டுவர வேண்டுமானால் சுங்கத் தீர்வையும், அதன் மேல் அதே 40 சதவீத வரியும் வந்து உட்காரும். கார் விலை என்று ஆரம்பித்தது எங்கே போய் நிற்கும் என்பதைத் தம்பி சுங்க முகவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பெரிய படகின் உண்மையான செலவு அதன் எடையில் இருக்கிறது. ஒரே வடிவத்தில் நீளத்தை இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்கு ஆகும். இந்தியக் கிளப்புகளில் நிறையப் புழங்கும் என்டர்பிரைஸ் என்ற இரண்டு ஆள் படகை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 13 அடி சொச்சம், வெறும் உடலின் எடை 94 கிலோ. ரஸ்ட்லர் 36 ஏழரை டன். நீளம் மூன்று மடங்குகூட இல்லை. எடையோ, சின்னதற்கு மரமும் பாயும் சேர்த்துக்கொண்டாலும், 50 மடங்கைத் தாண்டுகிறது. கயிற்றின் பருமன், நங்கூரம், பெயின்ட், தூக்கும் கிரேன், நிறுத்தும் இடம் எல்லாம் இந்த எடைக்குப் பின்னால்தான் நடக்கும். படகு விலையில் பத்தில் ஒரு பங்கு வருடப் பராமரிப்பு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மலிவான பழைய யாட்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது. பாதி விலைக்குக் கிடைத்தது என்பதற்காக அதன் அடிப்பாகம் பாதிப் பெயின்டைக் குடிக்காது.

அதோடு, இது அந்தமான். யாட்டுக்கென்று மெரினா இங்கே கிடையாது. 36 அடிப் படகின் பாயில் கிழிசல் விழுந்தால் சென்னைக்கோ கோவாவுக்கோ போக வேண்டும், இல்லாவிட்டால் கடல் தாண்டி புக்கெட்டுக்கு. 13 அடிப் படகின் பாயை அபர்டீன் பஜாரில் சீட் கவர் தைக்கிற கடையில் உட்கார்ந்து, நூலை மட்டும் நாம் வாங்கிக் கொடுத்து ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். ஃபைபர் வேலைக்கும் வெளியே போக வேண்டியதில்லை. ரெசின், மேட், ஹார்ட்னர் கலந்து டோங்கிக்கும் சுற்றுலாப் படகுக்கும் ஒட்டுப்போடும் கைகள் எல்லா ஜெட்டியிலும் உண்டு.

இங்கே ஓதம் இன்னொரு வசதி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் படகை மணலுக்குக் கொண்டுவந்து விட்டால் வற்றத்தில் தானே தரைதட்டி நிற்கும். அடியைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து அடுத்த ஏற்றத்தில் மிதக்க விடலாம். மீனவர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான், காசு செலவே இல்லை. அடியில் ஈயக்கட்டியைத் துடுப்பு மாதிரித் தொங்கவிட்ட யாட்டை இப்படி நிறுத்திப் பாருங்கள், மல்லாந்துவிடும். சின்னப் படகையோ நாலு பேர் பிடித்துத் தென்னைக்கு அடியில் இழுத்து வைத்துவிடலாம். அடி பூத்துப்போய்க் கொப்புளம் கட்டும் வியாதி தண்ணீரிலேயே கிடக்கும் ஃபைபருக்குத்தான் அதிகம் வரும். கரையேறிக் காய்கிற படகுக்கு அந்தக் கவலை குறைவு.

சரி, சின்னப் பழைய படகிலும் ஏமாற மாட்டோமா? ஏமாறலாம். ஆனால் அதைச் சோதிக்க வெளியூரிலிருந்து சர்வேயரை வரவழைக்க வேண்டியதில்லை, ஒரு பகல் பொழுது போதும். முதலில் படகைக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். யோசிக்கிற ஆளிடம் வாங்காதீர்கள். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல ஃபைபர் கூர்மையாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே அடுக்குப் பிரிந்த இடம் வந்ததும் சத்தம் செத்துவிடும். அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். உள்ளங்கை அகலத்தில் ஒன்றிரண்டு வட்டம் என்றால் விலையைக் குறைக்கலாம். வட்டங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டால் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

நிமிர்த்திய பிறகு நடுப்பலகைக் கூட்டைப் பாருங்கள். படகு பக்கவாட்டில் சறுக்காமல் இருக்க நடுவில் பலகையை இறக்குகிறோமே, அது நுழையும் பெட்டி. திறந்த படகு ஒழுகினால் பெரும்பாலும் அந்தப் பெட்டி அடியோடு சேரும் மூலையில்தான் ஒழுகும். புதுப் பெயின்ட் அங்கே மட்டும் பளபளத்தால் காரணம் கேளுங்கள். மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் உடலில் மாட்டியிருக்கும் தகடுகளுக்குக் கீழே பழுப்பு நிறக் கோடு வழிந்திருந்தால் உள்ளே துரு இருக்கிறது. கம்பியின் மேல் பழந்துணியை வைத்துத் தடவுங்கள், கையை வைக்காதீர்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியைக் கவ்வும். கம்பி முனையை நசுக்கிப் பொருத்திய குழலில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி, வெயிலும் உப்பும் சேர்ந்த இந்த ஊரில் பாய்மரத்தைச் சாய்த்தவர்கள் உண்டு. பாயில் துணியைப் பார்க்காதீர்கள், தையலைப் பாருங்கள். நகத்தால் நூலை நெம்பினால் பொடிப்பொடியாக வந்தால் துணி எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் மொத்தமாக மறுதையல் போட வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. சிரிப்பார்கள், செய்யுங்கள். படகைத் தராசில் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். மீன் ஜெட்டியில் தராசுக்கா பஞ்சம்? 94 கிலோ இருக்க வேண்டிய உடல் 120 காட்டினால், மிதவை அறையிலும் நுரைக்குள்ளும் தண்ணீர் குடியிருக்கிறது, அல்லது யாரோ ஓட்டையை மறைக்கப் பெயின்டை அடுக்கியிருக்கிறார்கள். யாட்டை இப்படி நிறுத்துப் பார்க்க முடியாது. சின்னப் படகில் மட்டும் உண்மை இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது.

தாள்கள் இல்லாத படகை மட்டும் இனாமாகத் தந்தாலும் தொடாதீர்கள். இது எல்லைத் தீவு. யாருடையதென்று தெரியாத படகு எதுவும் கடலோரக் காவல் படைக்குச் சந்தேகப் படகுதான். பெயர் மாற்றத்துக்கான கையெழுத்து வாங்காமல் முன்பணம் கொடுக்கிறவருக்கு நான் அனுதாபப்பட மாட்டேன்.

"சின்னப் படகு ஆபத்து, இன்ஜின் இல்லாட்டி ஆபத்து" என்ற பேச்சு எப்போதும் பின்னாலேயே வரும். 2014 ஜனவரி 26 அன்று ராஸ் தீவுக்கும் நார்த் பேவுக்கும் அருகில் கவிழ்ந்து 21 உயிரைக் கொண்டுபோனது இன்ஜின் படகு. இறந்தவர்களில் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா வந்த நம்மவர்களே அதிகம். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதைப் பற்றி அப்போது பேசினோம். இன்ஜின் படகே ஆபத்து என்று எவரும் சொல்லவில்லை. பாய்மரத்துக்கு மட்டும் ஏன் தனி நியாயம்? அடியில் ஈயம் சுமக்கும் யாட் ஓட்டையானால் மூழ்கும். காற்றடைத்த மிதவை அறைகள் உள்ள சின்னப் படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். நடுப்பலகையின் மேல் ஏறி நின்று நிமிர்த்திவிட்டு நீரை இறைக்கலாம். இதை உயிர்ச்சட்டையோடு, ஆழமில்லாத இடத்தில், வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகாதவர் படகு வாங்கத் தகுதியற்றவர். முதலை உள்ள கழிமுகம் இதற்கு வேண்டாம்.

2006-இல் வடக்கு சென்டினலுக்கு அருகே இரவில் நங்கூரமிட்டுப் படுத்த இரண்டு மீனவர்கள், நங்கூரம் பிடிக்காமல் படகு கரைக்கு இழுபட்டுப்போய், அங்குள்ள பழங்குடியினர் கையில் உயிரிழந்தார்கள். அந்தத் தீவைச் சுற்றி ஐந்து கடல்மைல் தடை உள்ளது. அங்கே போவதே குற்றம், அது வேறு விஷயம். படகு வாங்கும் காசில் முதல் ஒதுக்கீடு எதற்கு என்பதற்காகச் சொல்கிறேன். நல்ல நங்கூரம், போதுமான கயிறு, இரண்டு உயிர்ச்சட்டை. அவசரத்துக்குக் கடலோரக் காவல் படையின் எண் 1554. மும்பை, சென்னை போலவே மீட்பு ஒருங்கிணைப்பு மையம் போர்ட் பிளேயரிலும் இருக்கிறது. மீனவர்கள் கொண்டுபோகும் இஸ்ரோவின் ஆபத்துச் சைகைக் கருவியையும் விசாரித்து வையுங்கள்.

"14 அடியில் எங்கே போய்விட முடியும்?" ஹேவ்லாக்குக்கு முதல் வருடத்தில் போக வேண்டியதில்லை. சாத்தாம் பாலத்திலிருந்து ராஸ் தீவு வரைக்கும் உள்ள தண்ணீரில் ஓதம், நீவாடு என்ற நீரோட்டம், குன்றிலிருந்து திடீரென இறங்கும் காற்று, குறுக்கே வரும் ஃபெர்ரி எல்லாம் இருக்கின்றன. ஒரு ஆளுக்கு ஒரு பருவத்துக்கு அது தாராளம். சின்னப் படகு தப்பை உடனே காட்டிக்கொடுக்கும். கயிற்றைத் தாமதமாகத் தளர்த்தினால் அடுத்த நொடி நனைவீர்கள். ஏழரை டன் படகு அதே தப்பைப் பொறுத்துக்கொண்டே போய், ஜெட்டித் தூணில் கணக்கைத் தீர்க்கும்.

இன்ஜின் கழற்றிய பழைய டோங்கிக்கே பாய் கட்டலாமே என்பார்கள் சிலர். ஆசையான யோசனைதான், எனக்கு நம்பிக்கை இல்லை. ஒடுங்கிய உடல், கீழே இன்ஜின் எடை இருந்தால்தான் நிதானம், நடுப்பலகை கிடையாது. காற்றோடு ஓடும், காற்றுக்கு எதிரே ஏறாமல் பக்கவாட்டில் சறுக்கும். 2002-இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு, இங்கே மரப்படகைப் புதுப்பிக்கப் பலகை தேடுவதும் லேசான வேலை அல்ல. நனைந்த மரத்தைக் கப்பல் புழு வேறு அரித்துவிடும்.

பிரிட்டனில் பாய்மரத்தைச் சாமானியர் கைக்குக் கொண்டுபோனதும் சின்னப் படகுதான். அதைச் செய்தது ஒரு செய்தித்தாள். டெய்லி மிரர் ஆதரவில் வந்த 11 அடிக்கும் குறைவான மிரர் படகு, பிளைவுட்டைச் செம்புக் கம்பியால் தைத்து ரெசின் பூசி வீட்டிலேயே கட்டிக்கொள்வது. 1963-இல் அதன் பெட்டி விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். உலகம் முழுக்க 70,000-க்கு மேல் கட்டப்பட்டது. அறை வைத்த படகு எந்த நாட்டிலும் இந்த வேலையைச் செய்ததில்லை. நம் தமிழ்ப் பத்திரிகை முதலாளிகள் எவருக்கும் இந்த யோசனை வராதது ஆச்சரியமில்லை, பதினோராயிரம் கிலோமீட்டர் கடற்கரை வைத்துக்கொண்டு நாம் ஸ்கூட்டிதானே பரிசு கொடுக்கிறோம்.

எங்கே வாங்குவது? போர்ட் பிளேயர் கடைத்தெருவில் கிடைக்காது. சென்னை, மும்பை, கோவா, ஹைதராபாத் கிளப்புகளில் பந்தயத்துக்குச் சளைத்துப்போன என்டர்பிரைஸ், லேசர் படகுகளைக் கழிப்பார்கள். பந்தயத்தில் கால் நிமிடம் பிந்துகிற படகு நமக்கு ஒரு குறையும் வைக்காது. நேரில் போய்த் தட்டி, நிறுத்து, தாள்களைச் சரிபார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து சரக்காக ஏற்றிவிடலாம். இந்தத் தூரத்தைப் பாயிலேயே வருகிறேன் என்று கிளம்பாதீர்கள். வங்கக்கடல் முதல் பாடத்துக்கான வகுப்பு அல்ல.

இங்கேயே யாராவது விற்க வந்தால் ஜனவரியில் வாங்காதீர்கள். வாடைக்காற்று நிதானமாக வீசி, கடல் கண்ணாடியாகக் கிடக்கும் அந்த மாதங்களில் எல்லாப் படகும் அழகு, எல்லா விலையும் ஏறுமுகம். மே 20 வாக்கில் மழை இறங்கட்டும். நாலு மாதம் ஓட்ட முடியாது என்று தெரிந்ததும் விற்கிறவர் குரல் தணியும். கொல்லையில் மூடி போடாமல் கிடக்கும் படகு மழைத்தண்ணீரால் நிறைந்திருக்கும். இறைத்துவிட்டுக் காட்டுகிறேன் என்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு கட்டையில் தூக்கி வைத்துக் கீழே குனிந்து பாருங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் எந்த மூலையில் வெளியே சொட்டுகிறதோ, அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு விலை பேசுங்கள்.